பூஜ்யம் எழுதுவது எப்படி?

சிலமலையிலிருந்து போடிநாயக்கனூர் சென்று, ஏலக்காய் எடை போடும் இடத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். எடை போடுகிறவர் காயைத் தட்டில் கொட்டுவதற்கு முன்னால் இரண்டு காரியங்கள் செய்வார். முந்தைய சரக்கின் தூசியும் உதிரிக் காயும் தங்காதபடி தட்டைத் துடைப்பார். பிறகு தராசு பூஜ்யத்தைக் காட்டுகிறதா என்று பார்ப்பார். ஏலக்காய் விலை உயர்ந்த சரக்கு. தட்டில் பத்து கிராம் எச்சம் இருந்துவிட்டால் போதும், அன்று முழுவதும் போட்ட எடை அத்தனையும் பிழையாகிவிடும்.

கணிப்பொறியின் கதையும் இதுவே. கூட்டல் தொடங்குமுன் கூட்டுத்தொகை வைக்கும் இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். அது தானாக அங்கே இருப்பதில்லை. யாராவது எழுத வேண்டும். 'பூஜ்யம் எழுதுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது?' என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். பெருங்கணிப்பொறி எனப்படும் மெயின்ஃப்ரேமில் அதை எழுதப் பத்து வழிகளுக்குக் குறையாமல் உண்டு. எந்த இடத்தில் எந்த வழி நல்லது என்று தெரிந்துகொள்வதில் கணிப்பொறியின் உள்ளமைப்பு முழுவதையும் ஓரளவு எட்டிப் பார்த்துவிடலாம். அதையே இக்கட்டுரையில் காண்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் பொறி

1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் 'சிஸ்டம்/360' என்னும் கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. சிறியதும் பெரியதுமாகப் பல மாடல்கள். விலையிலும் வேகத்திலும் ஒன்றுக்கொன்று பெரும் வேற்றுமை. ஆனால் ஆணைகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. சிறிய மாடலுக்கு எழுதிய நிரல் பெரிய மாடலிலும் அப்படியே ஓடும். அதுவே அக்குடும்பத்தின் புதுமை. 1970-இல் இதன் அடுத்த தலைமுறையாக 'சிஸ்டம்/370' வந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் குடும்பம் புதிதன்று. சென்னை ஐ.ஐ.டி.யில், ஜெர்மன் அரசின் உதவியோடு, 1973-இல் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. பேராசிரியர் எச்.என். மகாபலா அங்கே கணிப்பொறி மையத்தை உருவாக்கினார். 80 பத்திகள் கொண்ட அட்டைகளில் துளையிட்டு, அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, அச்சிட்ட விடைக்காகக் காத்திருந்த காலம் அது. ஒரு தவறு செய்தால் மறுபடியும் அட்டை, மறுபடியும் காத்திருத்தல். ஆகவே ஒவ்வோர் ஆணையையும் யோசித்து எழுதும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது.

அந்த 155-ஆம் மாடலின் அடிப்படைத் துடிப்பு 115 நானோ செகண்டு. அதாவது ஒரு வினாடியில் ஏறத்தாழ 87 லட்சம் துடிப்புகள். ஒரு துடிப்புக்குள் ஒளி 34 மீட்டர்தான் செல்லும். அப்பொறி ஓய்வு பெற்று நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் அக்குடும்பம் அழியவில்லை. 2022-இல் வந்த 'இசட்16' என்னும் பொறி ஒரு வினாடியில் 520 கோடி முறை துடிக்கிறது. அந்த ஒரு துடிப்பில் ஒளி ஆறு சென்டிமீட்டர்கூடச் செல்வதில்லை. ஆயினும் 1964-இல் வகுத்த ஆணைகளை அது இன்றும் புரிந்துகொள்கிறது.

அந்த ஆணைகளை நேரடியாக எழுத உதவுவது அசெம்பிளர் மொழி. ஒவ்வோர் ஆணைக்கும் சில எழுத்துகளில் ஒரு சுருக்கப் பெயர் உண்டு. ஒரு வரி எழுதினால் பொறிக்கு ஓர் ஆணை. இடையில் மறைப்பு ஏதுமில்லை.

ஒதுக்குவது வேறு, துடைப்பது வேறு

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஏலக்காய் ஏலத்தில் 50 வியாபாரிகள் கலந்துகொள்கிறார்கள். ஒவ்வொருவரும் அன்று மொத்தம் எத்தனை கிலோ வாங்கினார் என்று கணக்கிட வேண்டும். ஒரு மொத்தத்துக்கு 4 பைட். ஐம்பது மொத்தங்களுக்கு 200 பைட். (ஒரு பைட் என்பது 8 பிட். ஒரு பிட்டில் 0 அல்லது 1 இருக்கும்.)

அசெம்பிளரில் 'டி.எஸ்.' என்று எழுதினால் 200 பைட் இடம் ஒதுக்கப்படும். அவ்வளவுதான். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு அது பொறுப்பேற்காது. முன்னர் ஓடிய வேறொரு நிரல் விட்டுச்சென்ற எண்கள் அங்கே கிடக்கலாம். சத்திரத்தில் அறை ஒதுக்கிவிட்டார்கள் என்பதற்காக அறையைக் கூட்டிவிட்டார்கள் என்று பொருளல்ல.

நேற்றைய ஏலத்தில் ஒரு வியாபாரி 300 கிலோ வாங்கினார். இன்று 120 கிலோ. நேற்றைய கணக்கு முடிந்ததும் அந்த இடத்தைத் துடைக்காமல் இன்றைய கணக்கைத் தொடங்கினால், இன்று அவர் 420 கிலோ வாங்கியதாகப் பட்டியல் வரும். பணமும் அதன்படியே கேட்கப்படும். இப்பிழை கொடியது, ஏனெனில் பொறி நிற்காது, எச்சரிக்காது. விடை பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருக்கும். எதுவும் நிகழாததுபோல் தோன்றும் பிழையே கணக்கில் பெரும்பிழை.

எந்தப் பூஜ்யம்?

எழுதுமுன் ஒரு கேள்வி: எந்தப் பூஜ்யத்தை எழுத வேண்டும்? இப்பொறியில் பூஜ்யம் மூன்று விதம்.

முதலாவது, இரும எண்ணின் பூஜ்யம். எல்லாப் பிட்டும் 0. ஒரு பைட்டில் 0000 0000 என்றிருக்கும்.

இரண்டாவது, அச்சிடுவதற்குரிய '0' என்னும் எழுத்து. ஐ.பி.எம். எழுத்துக் குறியீட்டில் இது 1111 0000. வெற்றிடம் என்பதற்குக்கூட ஒரு குறி உண்டு. அது 0100 0000.

மூன்றாவது, வணிகக் கணக்குகளுக்கான பதின்மப் பூஜ்யம். இதில் நான்கு நான்கு பிட்டாக இலக்கங்களை அடுக்கி, கடைசி நான்கு பிட்டில் கூட்டல் அல்லது கழித்தல் குறியை வைப்பார்கள். ஒரு பைட் பூஜ்யம் 0000 1100 என்று இருக்கும். பின்பாதியில் உள்ள 1100 என்பது கூட்டல் குறி.

இந்த மூன்றாவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பதின்ம எண் வைக்கும் இடத்தை எல்லாப் பிட்டும் 0 ஆக்கிவிட்டு, அதில் பதின்மக் கூட்டல் ஆணையைக் கொடுத்தால் என்ன ஆகும்? பொறி கடைசி நான்கு பிட்டில் குறியைத் தேடும். குறி 1010 முதல் 1111 வரை ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே 0000 இருப்பதைக் கண்டதும், 'இது எண்ணே அல்ல' என்று வேலையை நிறுத்திவிடும். 'டேட்டா எக்ஸெப்ஷன்' என்னும் இந்தக் குறுக்கீட்டின் எண் 7. மெயின்ஃப்ரேமில் வேலை செய்தவர் எவரையும் கேளுங்கள், இந்த ஏழரைச் சனியைப் பற்றி ஒரு கதையாவது சொல்வார். பதின்ம இடத்துக்கு 'இசட்.ஏ.பி.' என்னும் ஆணையே ஏற்றது. முன்பு என்ன கிடந்தது என்று பாராமல் சரியான குறியோடு பூஜ்யத்தை அது வைத்துவிடும்.

ஆகவே முதற்பாடம் இது: வேகம் பிறகு, சரியான பூஜ்யம் முதலில். நம்முடைய 200 பைட்டும் இரும எண்களே. எனவே எல்லாப் பிட்டையும் 0 ஆக்க வேண்டும்.

ரிஜிஸ்டரில் பூஜ்யம்

நினைவகத்துக்குப் போகுமுன் ரிஜிஸ்டரைப் பார்ப்போம். கணக்கிடும் பகுதிக்குள்ளேயே இருக்கும் விரைவான சிற்றறைகளே ரிஜிஸ்டர்கள். சிஸ்டம்/360-இல் பொதுப் பயனுக்கு 16 உண்டு. ஒவ்வொன்றும் 32 பிட். மூன்றாம் ரிஜிஸ்டரைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று கொள்வோம்.

நினைவகத்தில் எங்கேனும் ஒரு பூஜ்யத்தை வைத்து அதை 'எல்.' என்னும் ஆணையால் எடுத்து வரலாம். ஆணைக்கு 4 பைட், அந்தப் பூஜ்யத்துக்கு 4 பைட்; கூடவே நினைவகத்துக்கு ஒரு பயணம். இல்லாத பொருளை வாங்கி வரச் சந்தைக்கு ஆள் அனுப்புவதுபோல் இது!

அதைவிட எளிய வழி, 'எஸ்.ஆர். 3,3'. மூன்றாம் ரிஜிஸ்டரிலிருந்து மூன்றாம் ரிஜிஸ்டரையே கழி. எந்த எண்ணாயினும் தன்னைத் தானே கழித்தால் மீதி பூஜ்யம். ஆணையின் நீளம் 2 பைட். நினைவகப் பயணமே இல்லை.

ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. கழித்தலின் விடை பூஜ்யமா, மிகையா, குறையா என்பதைப் பொறி 'கண்டிஷன் கோடு' என்னும் 2 பிட்டில் குறித்து வைக்கும். நீங்கள் முந்தைய வரியில் இரண்டு எண்களை ஒப்பிட்டு, அதன் முடிவைப் பார்த்துக் கிளைபிரியக் காத்திருக்கிறீர்கள். நடுவில் 'எஸ்.ஆர்.' வந்தால் ஒப்பீட்டின் முடிவு அழிந்துபோகும். அத்தகைய இடத்தில் 'எல்.ஏ. 3,0' என்று எழுத வேண்டும். 'பூஜ்யம் என்னும் முகவரியை ரிஜிஸ்டரில் வை' என்பது அதன் பொருள். 4 பைட் ஆகும். ஆனால் கண்டிஷன் கோட்டைத் தொடாது. இரண்டு பைட் மிச்சம் பிடிக்கப்போய் நிரலின் போக்கையே கெடுத்துக்கொள்ளலாகாது.

மாடிப்படி விளக்கும் எக்ஸ்.சி. ஆணையும்

இனி நம்முடைய 200 பைட்டுக்கு வருவோம்.

மிக எளிய ஆணை 'எம்.வி.ஐ.'. ஆணைக்குள்ளேயே இருக்கும் ஒரு பைட்டைக் குறிப்பிட்ட இடத்தில் எழுதும். ஒரேயொரு பைட்டைத் துடைக்க இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் 200 பைட்டுக்கு 200 ஆணைகள் எழுதினால், ஆணைகளுக்கு மட்டும் 800 பைட் ஆகும். துடைக்கும் இடத்தைவிடத் துடைப்பம் பெரிதாகிவிடும்.

இரண்டாவது வழி, சுழற்சி. பூஜ்யமாக்கிய ரிஜிஸ்டரை 4 பைட் இடத்தில் எழுது. முகவரியை 4 கூட்டு. இன்னும் மிச்சம் இருந்தால் திரும்பிச் செல். நிரல் சிறியது. ஆனால் சுற்றுக்கு 3 ஆணைகள் வீதம் 50 சுற்றுக்கு 150 ஆணைகளைப் பொறி எடுத்துப் படித்து நிறைவேற்ற வேண்டும்.

மூன்றாவது வழிக்கு ஒரு சின்ன இயற்பியல் பாடம் வேண்டும். மாடிப்படி விளக்கைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் விளக்கு எரியாது. வெவ்வேறு நிலையில் இருந்தால் எரியும் என்று இணைப்புக் கொடுத்திருப்பதாகக் கொள்ளுங்கள். இதையே 'எக்ஸ்குளூசிவ் ஆர்' என்கிறோம். இரண்டு பிட்டும் ஒன்றாயிருந்தால் விடை 0. வேறாயிருந்தால் விடை 1.

இப்போது ஒரு பைட்டை அதனோடேயே இவ்வாறு சேர்த்துப் பாருங்கள். 0101 1001 என்பதை 0101 1001 என்பதோடு சேர்த்தால், ஒவ்வொரு பிட்டும் தன்னைப் போன்ற பிட்டையே சந்திக்கிறது. எங்கும் வேற்றுமை இல்லை. விடை 0000 0000. உள்ளே என்ன இருந்தாலும் விடை இதுதான்.

'எக்ஸ்.சி.' என்னும் ஆணை இந்த வேலையை நினைவகத்திலுள்ள இரண்டு இடங்களுக்கிடையே செய்கிறது. இரண்டு இடமாகவும் ஒரே இடத்தைக் கொடுத்தால், அந்த இடம் துடைக்கப்பட்டுவிடும். ஆணையின் நீளம் 6 பைட்: ஆணையின் பெயருக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று, இரண்டு முகவரிகளுக்கு நான்கு. நம்முடைய 200 பைட்டும் ஓர் ஆணையில் சுத்தம். 150 ஆணைகள் செய்த வேலை ஒன்றில் முடிந்தது.

பரீட்சையில் பார்த்து எழுதுவது

நான்காவது வழி வேடிக்கையானது. 'எம்.வி.சி.' என்பது ஓரிடத்திலுள்ள பைட்டுகளை மற்றோரிடத்துக்கு நகல் எடுக்கும் ஆணை. இது இடமிருந்து வலமாக, ஒவ்வொரு பைட்டாக நகல் எடுப்பதுபோலவே விடை அமைய வேண்டும் என்பது விதி.

பரீட்சைக் கூடத்தில் ஒரு வரிசை மாணவர்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் இருப்பவரைப் பார்த்து எழுதுகிறார். முதல் மாணவர் 'பூஜ்யம்' என்று எழுதிவிட்டால், கடைசி மாணவர்வரை பூஜ்யம்தான்! அவ்வாறே, முதல் பைட்டில் 'எம்.வி.ஐ.' ஆணையால் பூஜ்யத்தை வைத்து, பிறகு முதல் பைட்டிலிருந்து இரண்டாம் பைட்டுக்கு 199 பைட் நகல் எடு என்று 'எம்.வி.சி.' கொடுத்தால், பூஜ்யம் ஒவ்வொன்றாகப் பரவிக் கடைசிவரை சென்றுவிடும்.

இரண்டு ஆணைகளுக்கும் சேர்த்து 10 பைட். எக்ஸ்.சி.யைவிட 4 பைட் அதிகம். ஆனாலும் இதற்கு இரண்டு சிறப்புகள் உண்டு. ஒன்று, எந்த எழுத்தையும் பரப்பலாம். அச்சிடும் வரியை வெற்றிடத்தால் நிரப்ப எக்ஸ்.சி. உதவாது, அதனால் பூஜ்யம் மட்டுமே வரும். மற்றொன்று, எக்ஸ்.சி. கண்டிஷன் கோட்டை மாற்றும். இவை இரண்டும் மாற்றுவதில்லை.

256 என்னும் எல்லை

எக்ஸ்.சி., எம்.வி.சி. இரண்டிலும் நீளத்துக்கு ஒரு பைட்தான் உண்டு. எட்டுப் பிட்டில் 0 முதல் 255 வரை எழுதலாம். நீளம் பூஜ்யம் என்பதற்குப் பயன் இல்லையாதலால், வடிவமைத்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். நீளத்தில் ஒன்றைக் குறைத்து எழுது என்றார்கள். எனவே 0 என்றால் 1 பைட். 255 என்றால் 256 பைட். ஓர் ஆணையின் எல்லை 256.

நீளம் எவ்வளவு என்று நிரல் ஓடும்போதுதான் தெரியும் என்றால், 'இ.எக்ஸ்.' என்னும் ஆணையால் அந்த நீளப் பைட்டை நிரப்பிக்கொள்ளலாம். நீளத்தில் ஒன்றைக் கழித்து ரிஜிஸ்டரில் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு படுகுழி இருக்கிறது. ஒரு நாள் ஏலத்துக்கு யாருமே வரவில்லை. துடைக்க வேண்டிய நீளம் 0. ஒன்றைக் கழித்தால் −1. இரும எண்ணில் −1 என்பது எல்லாப் பிட்டும் 1. கடைசி எட்டுப் பிட்டை எடுத்தால் 255. பொறி அதை 256 பைட் என்று படிக்கும். எதையும் துடைக்க வேண்டாத நாளில், பக்கத்தில் இருந்த 256 பைட் முழுதும் அழிந்துபோகும்! 'நீளம் பூஜ்யமா?' என்று முதலில் ஒரு சோதனை வைத்துவிட்டால் இந்த விபத்து நேராது.

வியாபாரிகள் 50 பேருக்குப் பதிலாக விவசாயிகள் 5,000 பேர் என்றால்? 20,000 பைட் வேண்டும். 256, 256 ஆகத் துடைத்தால் 79 எக்ஸ்.சி. ஆணைகள் ஆகும். இத்தகைய வேலைக்காகவே சிஸ்டம்/370-இல் 'எம்.வி.சி.எல்.' என்னும் நீள்நகல் ஆணை சேர்க்கப்பட்டது. இதற்கு நான்கு ரிஜிஸ்டர்கள் வேண்டும்: போய்ச் சேரும் இடம், அதன் நீளம், எடுக்கும் இடம், அதன் நீளம். எடுக்கும் பொருள் தீர்ந்துவிட்டால் மீதியை நிரப்ப ஒரு 'நிரப்புப் பைட்'டும் கொடுக்கலாம். எடுக்கும் நீளத்தைப் பூஜ்யமாகவும், நிரப்புப் பைட்டையும் பூஜ்யமாகவும் கொடுத்தால், முழு இடமும் பூஜ்யத்தால் நிரம்பும். நீளத்துக்கு 24 பிட் உண்டு. ஆகவே ஒரே ஆணையில் ஒரு கோடியே 67 லட்சம் பைட்டுக்கு மேல் துடைக்கலாம்.

இதில் நாம் முன்பு சொன்ன 'பார்த்து எழுதும்' வித்தை செல்லாது. இரண்டு இடங்களும் அவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், எம்.வி.சி.எல். எதையும் நகர்த்தாமல், கண்டிஷன் கோட்டில் 3 என்று குறித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இந்த ஆணையைத் தொடங்க நான்கு ரிஜிஸ்டர்களைத் தயார் செய்ய வேண்டியிருப்பதால், சிறிய இடங்களுக்கு இது ஏற்றதன்று. கடுகு நிறுக்க லாரி எடைமேடை எதற்கு?

எது விரைவானது?

இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. காரணத்தைப் பார்ப்போம்.

எக்ஸ்.சி.யின் இலக்கணப்படி பார்த்தால், பொறி முதல் இடத்தைப் படிக்க வேண்டும், இரண்டாம் இடத்தைப் படிக்க வேண்டும், பிறகு எழுத வேண்டும். எம்.வி.சி. படிப்பது ஒரு முறை, எழுதுவது ஒரு முறை. ரிஜிஸ்டரிலிருந்து எழுதும்போது படிப்பதே இல்லை. ஆகவே ஆணைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. நினைவகத்துக்கு எத்தனை பயணம் என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தப் பயணத்தின் கூலி மாடலுக்கு மாடல் வேறு. சிஸ்டம்/360 குடும்பத்தில் 30-ஆம் மாடல் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு ஒரு பைட்தான் எடுக்கும். 50-ஆம் மாடல் 4 பைட். 65-ஆம் மாடல் 8 பைட். எட்டு எட்டாக அள்ளக்கூடிய பொறியில், பைட் பைட்டாகப் பரவும் எம்.வி.சி. தந்திரத்தைக் கையாண்டால் அந்த வசதி வீணாகலாம். ஒரு பைட்டாக எடுக்கும் பொறியிலோ இந்த வேற்றுமை அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு மாடலுக்கும் எந்த ஆணைக்கு எவ்வளவு நேரம் என்ற பட்டியலை நிறுவனமே தனித்தனியாக அச்சிட்டு வழங்கியது. ஆணை ஒன்றே, கூலி வேறு.

இன்றைய பொறிகளில் நிலைமை மேலும் மாறிவிட்டது. எக்ஸ்.சி.யின் இரு முகவரிகளும் ஒன்றே என்றால், 'இவர் துடைக்கத்தான் சொல்கிறார்' என்று கண்டுகொண்டு, படிக்காமலே பூஜ்யத்தை எழுதிவிடும் திறமை அவற்றுக்கு உண்டு. 2008-இல் வந்த 'இசட்10' பொறியில் 2, 4, 8 பைட் இடங்களில் ஒரு சிறு எண்ணை நேரடியாக எழுதும் புதிய ஆணைகளும் சேர்ந்தன. இவை எதையும் படிப்பதில்லை. கண்டிஷன் கோட்டையும் தொடுவதில்லை. ஆகவே ஒரு காலத்தில் அளந்து கண்ட உண்மையை மற்றொரு காலத்தில் மனப்பாடமாக ஒப்பிப்பது அறிவியல் ஆகாது. மீண்டும் அளந்து பார்க்க வேண்டும்.

எனினும் நடைமுறைக்கு ஒரு பொதுவிதி சொல்லலாம். ஒரு பைட்டுக்கு எம்.வி.ஐ.; 256 பைட்டுக்கு உட்பட்ட இடத்துக்கு எக்ஸ்.சி.; சில ஆயிரம் பைட்டுக்கு மேல் எம்.வி.சி.எல்.; பதின்ம எண்ணுக்கு இசட்.ஏ.பி. இவை படிப்பவருக்கும் எளிதில் விளங்கும். நிரலை இன்று எழுதுபவர் ஒருவர். பத்து ஆண்டு கழித்துத் திருத்தப்போகிறவர் வேறொருவர்.

இயற்கை கேட்கும் விலை

இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி. துடைப்பது என்னும் செயலுக்கு இயற்கையே ஒரு விலை வைத்திருக்கிறது. 1961-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் ரோல்ஃப் லாண்டவர் இதை எடுத்துக்காட்டினார்.

ஓர் இடத்தை வேறோர் இடத்தோடு எக்ஸ்குளூசிவ் ஆர் செய்தால் தகவல் அழிவதில்லை. அதே எண்ணை மறுமுறை சேர்த்தால் பழைய எண் திரும்பி வந்துவிடும். ஆனால் ஓர் இடத்தை அதனோடேயே சேர்த்தால் பூஜ்யம். அதிலிருந்து பழைய எண்ணை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. இவ்வாறு மீளாமல் அழியும் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வெப்பமாக வெளியேறியே தீரும் என்பது லாண்டவரின் தத்துவம். 300 கெல்வின் வெப்பநிலையில் அது ஏறத்தாழ 2.9 × 10⁻²¹ ஜூல். நம்முடைய 200 பைட்டில் 1,600 பிட் உண்டு. அவற்றைத் துடைக்க இயற்கை கேட்கும் கூலி ஏறத்தாழ 4.6 × 10⁻¹⁸ ஜூல். உண்மையான மின்சுற்றுகள் செலவிடுவது இதைப்போல் பன்மடங்கு. 2012-இல் நுண்ணிய கண்ணாடி மணி ஒன்றை லேசர் ஒளியில் பிடித்து வைத்துச் செய்த சோதனையில் இந்த எல்லை உறுதிப்பட்டது. பூஜ்யம்கூட இலவசமாகக் கிடைப்பதில்லை!

நீங்களே செய்து பார்க்கலாம்

இதையெல்லாம் படிக்க ஒரு பெரிய பொறி வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். 'ஹெர்குலிஸ்' என்னும் இலவச மென்பொருள் சாதாரண மடிக்கணினியையே ஒரு சிஸ்டம்/370 பொறிபோல் நடிக்கச் செய்கிறது. அக்காலத்து இயக்க மென்பொருளும் அசெம்பிளரும் அதில் ஓடும். 1973-இல் சென்னைக்குச் சென்று அட்டையோடு காத்திருந்து கற்றதை, இன்று சிலமலையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கற்கலாம்.

முதலில் 200 பைட் ஒதுக்கி, துடைக்காமல் அதை அப்படியே அச்சிட்டுப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு வழியாகத் துடைத்துப் பாருங்கள். பதின்ம இடத்தை எக்ஸ்.சி.யால் துடைத்துக் கூட்டி, அந்த ஏழாம் எண் குறுக்கீட்டை ஒருமுறை நேரில் சந்தியுங்கள். பிறகு வாழ்நாளில் மறக்க மாட்டீர்கள். ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும்: நடிக்கும் பொறியில் நீங்கள் அளக்கும் நேரம் உங்கள் மடிக்கணினியின் நேரமே, 370/155-இன் நேரமல்ல. விடை சரியா என்று பார்க்க அது உதவும். எது விரைவு என்று தீர்ப்புச் சொல்ல உதவாது.

தட்டைத் துடைத்து, முள்ளைப் பார்த்து, பிறகே காயைக் கொட்டும் அந்த எடைக்காரரின் ஒழுங்கே இங்கும் வேண்டும். முதலில் துடைக்கப்பட்டதா என்று பாருங்கள். அடுத்து, சரியான பூஜ்யம்தானா என்று பாருங்கள். அதன் பிறகு, விரைவான வழி எது என்று ஆராயலாம்.